போன கரண்ட் திரும்பி வருதா?

1986, தை மாசக் கடைசி. என் தாய்மாமா சேலத்துக்குக் கார் வாங்கக் கிளம்பினார். தர்மபுரியில் புளி மண்டி வைத்திருந்தவர். பத்து வருடச் சேமிப்பை மடியில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினார். கூட இரண்டு பேர். ஒருவர் பென்னாகரம் ரோட்டில் பேட்டரிக் கடை வைத்திருந்த அண்ணன். இன்னொருவன் பதினோரு வயது நான். மெக்கானிக்கைக் கூட்டிப் போகாமல் பேட்டரிக்காரரை ஏன் கூட்டிப் போகிறாய் என்று பாட்டி கேட்டதற்கு மாமா சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது.

"இஞ்சின் கெட்டா சத்தம் போட்டுச் சொல்லிரும்மா. கரண்டு கெட்டா சொல்லாது."

கார், 1974 மாடல் மார்க் 2 அம்பாசடர். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அப்போதும் காரைப் பிளசர் என்றுதான் சொல்வார்கள். எந்தக் காரும் பிளசர்தான். புதிதாகப் பெயின்ட் அடித்து, வெள்ளைப் பூனைபோலத் தாழ்வாரத்தில் நின்றது. மாமா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். அண்ணன் பெயின்ட் பக்கம் திரும்பவே இல்லை. மஞ்சப்பையைக் கீழே வைத்துப் பானட்டைத் தூக்கச் சொன்னார்.

அந்தப் பைக்குள் இருந்தவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லிவிட முடியும். லாரியின் பின்விளக்கிலிருந்து எடுத்த 12 வோல்ட் பல்பு ஒன்று. அதன் அடியில் ஈயம் வைத்துப் பற்றவைத்த இரண்டு வயர். ஒரு வயரின் முனையில் கிளிப், இன்னொன்றின் முனையில் கோணி தைக்கும் ஊசி. ஒரு ஸ்க்ரூ டிரைவர், நாலைந்து ஸ்பேனர், ஒரு துண்டு உப்புத்தாள். இதைத் தவிர எதுவும் கிடையாது.

முதலில் அவர் செய்தது, பேட்டரியின் இரண்டு டெர்மினலையும் புறங்கையால் தொட்டது. காய்ச்சல் பார்ப்பதுபோல. பிறகு மாமாவை உட்காரவைத்து, நிறுத்தி நிறுத்தி மூன்று தடவை செல்ஃப் அடிக்கச் சொன்னார். செல்ஃப் முனகியது. மறுபடி புறங்கை. பாசிட்டிவ் டெர்மினல் சில்லென்று இருந்தது. நெகட்டிவும் அப்படியே. அவர் கை வயரைப் பிடித்தபடியே கீழே போய், அது காரின் உடம்பில் முறுக்கப்பட்டிருந்த போல்ட்டில் நின்றது. என் கையை இழுத்து அதன்மேல் வைத்தார். சுட்டது.

"எங்க சூடு இருக்கோ அங்கதான் நோவு, தம்பி."

போல்ட்டைக் கழற்றினார். அடியில் புதுப் பெயின்ட். விற்பதற்காகப் பெயின்ட் அடித்தவர்கள், எர்த் பட்டை உட்காரும் இடத்தையும் சேர்த்து அடித்துவிட்டு அதன்மேலேயே போல்ட்டை முறுக்கியிருக்கிறார்கள். உப்புத்தாளால் தகரம் பளபளக்கும்வரை தேய்த்து முறுக்கினார். அடுத்த செல்ஃபில் கார் அரைச் சுற்றில் பிடித்துக்கொண்டது.

காரில் ஒரு விளக்குக்கு ஒரு வயர்தான் போகும். திரும்பி வருவதற்குத் தனி வயர் கிடையாது. காரின் இரும்பு உடம்புதான் திரும்பும் பாதை. அதைத்தான் எர்த் என்கிறார்கள். அன்று வீடு திரும்பும்போது அண்ணன் இதை எனக்குக் கையால் காற்றில் படம் போட்டு விளக்கினார். "போற வழிய எல்லாரும் பாப்பாங்க. பல்பு எரியலைன்னா உடனே வயரைத்தான் பிடிச்சு இழுப்பாங்க. போன கரண்டு திரும்பி வருதான்னு யாரும் பாக்கறதில்ல."

எர்த் பட்டைக்காக அவர் விலையைக் குறைக்கச் சொல்லவில்லை. அது உப்புத்தாள் வேலை. குறைக்கச் சொன்னது டைனமோவுக்காக. இஞ்சின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலை உருவி எடுத்தார். அந்தக் காலத்தில் எல்லா எலக்ட்ரீஷியனும் செய்த சோதனை அது. பேட்டரி இல்லாமலும் இஞ்சின் ஓடினால் டைனமோ வேலை செய்கிறது என்று பொருள். இஞ்சின் ஓடியது. ஆனால் ஹெட்லைட்டைப் போட்டதும் திணறியது. டைனமோவுக்குள் பிரஷ் தேய்ந்து, கம்யூட்டேட்டரில் கோடு விழுந்திருக்கிறது என்றார். கழற்றிப் பார்த்தபோது அப்படியே இருந்தது. 600 ரூபாய் குறைந்தது.

அன்றைய சொகுசுக் கார் என்றால் அதிகம் போனால் 1984இல் வந்த கான்டெசா. அல்லது சென்னை ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ் 1985இல் கொண்டுவந்து சில வருடங்களிலேயே நின்றுபோன ஸ்டாண்டர்ட் 2000. அவற்றின் பானட்டைத் திறந்தாலும் அண்ணனுக்கு அந்நியமாக ஒன்றும் இருக்காது. சென்னைப் பாடியில் 1961இல் தொடங்கிய லூகாஸ்-டிவிஎஸ் அந்தத் தலைமுறைக் கார்களுக்கெல்லாம் செல்ஃப் மோட்டாரும் டைனமோவும் டிஸ்ட்ரிபியூட்டரும் செய்து கொடுத்துக்கொண்டிருந்தது. ஒரு காரில் கற்றது அடுத்த காருக்கும் பொருந்தும். ஃப்யூஸ்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒரு மனிதர் ஒரு காரின் மொத்த வயரிங்கையும் மனசில் வைத்துக்கொள்ள முடிந்த காலம்.

இப்போது நான் மாமா. என் அக்கா மகனுக்குப் பாலக்கோட்டில் தக்காளி வியாபாரம். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி ஏறியபோது கையில் கொஞ்சம் காசு நின்றது. அதற்கு முந்தைய மூன்று வருட நஷ்டத்தையெல்லாம் கழித்துவிட்டு நின்ற காசு. போன வருடம் ஒருநாள் போனில் ஒரு படம் அனுப்பினான். 2012 மாடல், கறுப்பு, ஜெர்மன் கார். புதிதாக இருந்தபோது அரைக்கோடி. இப்போது 9 லட்சம்.

"புதுசா ஒரு சின்னக் கார் வாங்கற விலைதான் மாமா. சீட்டெல்லாம் தோலு. பெங்களூர்ல ஒரே ஓனர்."

படத்தில் சீட்டும் பெயின்டும்தான் தெரிந்தன. எனக்கு உப்புத்தாள் நினைவுக்கு வந்தது.

தர்மபுரி மாதிரி ஊர்களுக்கு இப்படிப்பட்ட கார்கள் ஏன் வருகின்றன என்று யோசித்தால் கணக்கு எளிது. வடக்கே இரண்டரை மணி நேரத்தில் பெங்களூர், தெற்கே ஒரு மணி நேரத்தில் சேலம், நடுவில் நாலுவழிச் சாலை. பி.எம்.டபிள்யூ 2007இல் செங்கல்பட்டுப் பக்கம் சிங்கப்பெருமாள்கோவில் அருகே ஆலை திறந்து 3 சீரிஸ், 5 சீரிஸ் கார்களை அங்கேயே பூட்ட ஆரம்பித்தது. மெர்சிடஸ்-பென்ஸ் அதற்கு முன்பே 1995இல் புனேயில் தொடங்கிவிட்டது. அப்படி வந்த கார்களுக்கெல்லாம் வயதாகிவிட்டது. முதல் முதலாளி கம்பெனி சர்வீசிலேயே வைத்திருப்பார். இரண்டாவது ஆள் வெளியே காட்டுவார். மூன்றாவது நான்காவது கை எங்கள் பக்கத்தினுடையது. விலை குறைந்திருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி கெட்டால் அதன் விலை குறையாது. அரைக்கோடி காருக்கு உரிய விலையிலேயே இருக்கும். பத்து வருடம் மண்டியில் நின்று சம்பாதித்ததை இதில் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும். வீட்டு வாசலில் தார்ப்பாய் மூடி நிற்கும் அந்தக் கார்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்கும்.

அண்ணனைப் பார்க்கப் போனோம். அறுபத்தெட்டு வயது. கடையை இப்போது அவர் மகள்தான் நடத்துகிறாள். டிப்ளமோவில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். மேசைமேல் லேப்டாப், ஸ்கேனர், வயரைச் சுற்றிப் பிடித்துக் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டர். அந்தப் பல்பு எங்கே என்று கேட்டேன். சுவரில் ஆணி அடித்து மாட்டியிருந்தார். ஊசியை மட்டும் உடைத்து எடுத்துவிட்டிருந்தார்.

ஏன் என்று கேட்டபோது அவர் சொன்ன கதையை எழுதத்தான் வேண்டும். 2003இல் ஒரு வாடிக்கையாளரின் வெளிநாட்டுக் கார் சார்ஜ் ஆகவில்லை என்று வந்திருக்கிறது. இருபது வருடமாகச் செய்ததையே செய்திருக்கிறார். ஓடும் இஞ்சினில் டெர்மினலை உருவினார். டைனமோ காலத்தில் அது தாங்கியது. ஆல்டர்னேட்டர் காரில், பேட்டரி என்ற தொட்டி திடீரென்று மறைந்தால் பாய்ந்து வரும் கரண்டுக்குப் போக இடம் இருக்காது. ஒரு நொடிக்கும் குறைந்த நேரத்துக்கு வோல்ட்டேஜ் நூறை ஒட்டிக்கூட எகிறும். இஞ்சின் கம்ப்யூட்டர் அந்த இடத்திலேயே செத்தது. அதன் விலையை மாதம் மாதம் இரண்டு வருடம் கட்டினார். வாடிக்கையாளர் வேண்டாம் என்று சொல்லியும் கட்டினார்.

"கை பழகினதை மறக்கறது கத்துக்கறதவிடக் கஷ்டம் தம்பி" என்றார். மகள் பக்கத்தில் இருந்து சேர்த்துச் சொன்னாள்: "அந்தப் பல்பு கிட்டத்தட்ட ரெண்டு ஆம்பியர் இழுக்கும் சார். சென்சார் வயர்ல ஓடறது மில்லி ஆம்பியர். அந்த வயர்ல ஊசியக் குத்தினா, பல்பு எரியாது, உள்ள இருக்கற சர்க்யூட்டு எரிஞ்சிரும்." இன்றைக்கும் எங்கள் பக்கத்தில் பல பட்டறைகளில் டெர்மினலை உருவிப் பார்க்கும் பழக்கம் இருக்கிறது. பழைய கார் வாங்கப் போகும் இடத்தில் யாராவது அப்படிச் செய்யப்போனால் கையைப் பிடித்துத் தடுங்கள். தள்ளி ஸ்டார்ட் செய்வதும், பெரிய வயரை உடம்பில் உரசிப் பொறி பார்ப்பதும் அப்படியே.

கிளம்புவதற்கு முன் அண்ணன் அக்கா மகனிடம் இரண்டு நிபந்தனை சொன்னார். காரை முந்தின நாள் மாலையே பூட்டி, காலைவரை யாரும் தொடக்கூடாது. முழுசாக ஒரு நாள் காரை நம்மிடம் விட வேண்டும். "அரை மணி நேரத்துல பாத்துக்குங்கன்னு சொன்னா வேண்டாம்னுரு, கண்ணு."

அண்ணனையும் மகளையும் கூட்டிக்கொண்டு, காலை ஆறரைக்குப் பெங்களூரில் விற்பவர் வீட்டில் போய் நின்றோம். அண்ணன் செய்த முதல் காரியம், பானட்மேல் புறங்கையை வைத்தது. வெதுவெதுப்பாக இருந்தது. ஒன்றும் பேசாமல் நாளைக்கு வருகிறோம் என்று சொல்லித் திரும்பிவிட்டார். பேட்டரி சோர்ந்துபோன காரை, வாங்குகிறவர் வருவதற்கு முன் வேறு பேட்டரியிலிருந்து வயர் போட்டு ஸ்டார்ட் செய்து ஓட்டி வைத்துவிட்டால், ஒரு மணி நேரத்துக்கு அது இளமையாக இருக்கும். ராத்திரி முழுக்க நின்ற கார் காலையில் எப்படி எழுகிறது என்பதில்தான் உண்மை இருக்கிறது. பெங்களூரில் சொந்தக்காரர் வீட்டில் தங்கினோம்.

மறுநாள் பானட் சில்லென்று இருந்தது. மகள் மீட்டரை வைத்தாள். எதையும் இயக்காமல் 12.1 வோல்ட். நல்ல பேட்டரி 12.6 காட்ட வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 8.9க்கு விழுந்தது. பத்துக்குக் கீழே போனாலே யோசிக்க வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் 14.2. ஆக, ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது. அதற்குப் பிறகு அண்ணன் ஒரு காரியம் சொன்னார். அது 1986இன் காரியமேதான். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் இன்னொரு முனையை இஞ்சினின் வெறும் உலோகத்திலும் வைத்து, செல்ஃப் அடிக்கச் சொன்னார். திரும்பும் பாதை சுத்தமாக இருந்தால் அரை வோல்ட்டுக்கும் குறைவாகக் காட்டும். புறங்கையின் சூட்டை இப்போது எண்ணாகப் பார்க்கிறார்கள். எர்த் நன்றாக இருந்தது.

பிறகு ஸ்கேனர். 23 குறைக் குறியீடுகள், பட்டறைப் பேச்சில் கோடுகள். ஏர்பேக்கிலிருந்து ஹெட்லைட் வரை எல்லாம் கெட்டுப்போனதாகச் சொன்னது. அக்கா மகன் முகம் வெளுத்துவிட்டது. விற்பவர், "பேட்டரி வீக்குங்க, அதனாலதான் எல்லாம் வருது" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒரு சொகுசுக் காரில் ஐம்பது, அறுபது சின்னக் கம்ப்யூட்டர்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வயர் இழுத்தால் காரே வயராகிவிடும் என்பதால், பாஷ் கம்பெனி 1986இல் ஒரு வழியை அறிவித்தது. முறுக்கிய இரண்டே வயரில் எல்லாக் கம்ப்யூட்டரும் மாறி மாறிப் பேசிக்கொள்வது. கேன் பஸ் என்று பெயர். மாமா அம்பாசடர் வாங்கிய அதே வருடம். 1991இல் மெர்சிடஸின் எஸ் கிளாஸில் அது முதலில் ஓடியது. இந்த ஏற்பாட்டில் செல்ஃப் அடிக்கும்போது வோல்ட்டேஜ் சரிந்தால் பாதிப் பேருக்கு மயக்கம் வரும். மயங்காதவர்கள், பக்கத்தில் இருப்பவர் பேசவில்லை என்று புகார் எழுதிவைப்பார்கள். யு என்ற எழுத்தில் தொடங்கும் கோடுகள் பெரும்பாலும் அந்தப் புகார்தான். குற்றவாளியின் பெயர் அதில் இருக்காது.

அதனால் 23 கோடு என்றதும் ஓடுவதும் தப்பு, பேட்டரிதான் என்று நம்புவதும் தப்பு. மகள் 23ஐயும் நோட்டில் எழுதிக்கொண்டாள். பேட்டரியைக் கழற்றாமலே சார்ஜரில் போட்டு முழுக்க ஏற்றினாள். கோடுகளை அழித்தாள். ஓசூர் பக்கம் போய்த் திரும்பி நாற்பது கிலோமீட்டர் ஓட்டினோம். மறுபடி படித்தபோது நாலு கோடுதான் வந்திருந்தது. நாலும் டிக்கியின் இடது மூலையைச் சுற்றி இருக்கும் பெட்டிகளுடையவை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும், போனோடு இணைக்கும் ஈ.எல்.எம் 327 வகைக் கருவிகளை எல்லாரும் வாங்கி வைத்திருக்கிறார்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 கால் சாக்கெட்டில் சொருகினால் போதும். ஆனால் அது பெரும்பாலும் இஞ்சின் புகை சம்பந்தமான கோடுகளை மட்டும்தான் படிக்கும். ஏர்பேக், பிரேக், கதவு, சீட் இவற்றின் கம்ப்யூட்டர்களோடு பேச அந்தந்தக் கம்பெனிக்கு உரிய ஸ்கேனர் வேண்டும். சின்னக் கருவி 'குறை ஒன்றுமில்லை' என்று காட்டுவதை நம்பிப் பணம் கொடுக்கக் கூடாது. ஒன்றில் மட்டும் அது மிகவும் உதவும். கோடுகளை அழித்த பிறகு கார் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பல கார்கள் கணக்கு வைத்திருக்கும். தன்னைத் தானே சோதிக்கும் வேலைகளை முடித்துவிட்டதா என்பதையும் சொல்லும். அழித்து 6 கிலோமீட்டர்தான் ஆகிறது, சோதனை எதுவும் முடியவில்லை என்று வந்தால், நீங்கள் வரப்போவது தெரிந்து யாரோ துடைத்து வைத்திருக்கிறார்கள். அதேபோல, சாவி போட்டதும் டாஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் சந்தோஷப்படக் கூடாது. விளக்கையே பிடுங்கியிருக்கலாம்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணன் தூக்கச் சோதனை என்றார். காரைப் பூட்டியதும் எல்லாக் கம்ப்யூட்டரும் ஒவ்வொன்றாகத் தூங்கப் போகும். முழுசாகத் தூங்க அரை மணி நேரம் வரை ஆகலாம். டிக்கியைத் திறந்தே வைத்து, அதன் பூட்டின் நாக்கை மட்டும் ஸ்க்ரூ டிரைவரால் மூடிவிட்டால் டிக்கி மூடியிருப்பதாகக் கார் நினைத்துக்கொள்ளும். பேட்டரி வயரில் கிளாம்ப் மீட்டரை மாட்டி, எல்லாரும் விலகி உட்கார்ந்தோம். தூங்கிய காரில் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடக் கூடாது. நாற்பது நிமிஷம் கழித்தும் 900 நின்றது. 90 ஆம்பியர்-மணி பேட்டரியை அது நூறு மணி நேரத்தில் குடித்துவிடும். நாலு நாள். ஐம்பது மில்லி ஆம்பியர் என்றால் அதே பேட்டரி கணக்குப்படி 75 நாள் தாங்கும். பேட்டரி வீக் என்று விற்பவர் சொன்னது பொய் இல்லை. பேட்டரியை வீக்காக்குவது எது என்று அவர் பார்க்கவில்லை.

ஃப்யூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்க நான் கை வைத்தேன். மகள் தடுத்தாள். பிடுங்கிச் சொருகினால் தூங்கியவை எழுந்துவிடும். ஃப்யூஸின் தலையில் இரண்டு உலோகப் புள்ளி தெரியும். அங்கே மீட்டரை வைத்து மில்லிவோல்ட் பார்க்க வேண்டும். கரண்டு ஓடாத ஃப்யூஸில் சுழி காட்டும். ஓடுவதில் ஒரு சின்ன எண் தெரியும். இருபது முப்பது ஃப்யூஸ் தாண்டி ஒன்றில் எண் வந்தது. அதுவும் டிக்கியின் இடது மூலைக்குப் போகும் ஃப்யூஸ்.

கம்பளத்தைத் தூக்கினோம். அடிப் பஞ்சு ஈரம். அதற்குக் கீழே ஒரு பெட்டியின் சாக்கெட்டில் செம்புக் கால்கள் பச்சை பூத்திருந்தன. தண்ணீர் எப்படி வந்தது?

அந்த இடத்தில் எனக்கு முதலில் தோன்றியது 2015 டிசம்பர். சென்னை வெள்ளத்தில் மூழ்கிய கார்களை, காப்பீட்டுக் கம்பெனிகள் முழு நஷ்டம் என்று எழுதி ஏலத்தில் விட்டன. அவற்றில் கழுவித் துடைத்து மறுபடி ரோட்டுக்கு வந்தவை உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் அதே கதைதான். வெள்ளம் பார்த்த கார் ஒரு வருடம் நன்றாக ஓடும். பிறகு வயருக்குள்ளேயே உப்புப் பூத்து, ஒவ்வொரு மழைக்கும் ஒரு குறை சொல்லும். அண்ணன் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தார். சேற்றுக் கோடு இல்லை. சீட் தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துரு இல்லை. டாஷ்போர்டுக்கு அடியில் விரலை விட்டு எடுத்தார். வண்டல் இல்லை. இது வெள்ளக் கார் அல்ல.

பிறகு அவர் மேலே பார்த்தார். காரை வழக்கமாக நிறுத்தும் இடத்தில் தூங்குமூஞ்சி மரம். மேற்கூரையில் கண்ணாடி ஜன்னல் உள்ள கார்களில், அந்த ஜன்னலின் நாலு மூலையிலும் மழைத் தண்ணீர் வடிய மெல்லிய குழாய்கள் இருக்கும். ஜன்னல் தண்ணீரை முழுசாக நிறுத்தாது. உள்ளே வரும் தண்ணீரைக் குழாய்தான் வெளியேற்றும். தூங்குமூஞ்சி, புளி மாதிரி மரங்களின் இலை பொடிப்பொடியாக உதிர்ந்து அந்தக் குழாயை அடைத்தால், தண்ணீர் கூரைத் துணிக்குப் பின்னால் வழிந்து, தூண் வழியாக இறங்கி, டிக்கியில் தேங்கும். ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டு வாங்கி, ஜன்னலின் பின் மூலையில் மெல்ல ஊற்றினார். கார் அடியில் சொட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் டிக்கிக்குள் சொட்டியது.

விற்பவர் முகத்தில் உண்மையான அதிர்ச்சி இருந்தது. எட்டு வருடமாக வெயில் படாமல் மர நிழலில் பார்த்துப் பார்த்து நிறுத்தியவர். மகள் மூலையில் கண்டதையெல்லாம் ஒரு தாளில் எழுதி அவருக்கே கொடுத்தாள். பெட்டியை மாற்றி, சாக்கெட்டைச் சரிசெய்து, குழாயை ஊதி எடுத்தால் அந்தக் கார் நன்றாக ஓடும். ஆனால் ஈரம் வயர்க் கட்டுக்குள் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று பிரிக்காமல் சொல்ல முடியாது. அந்த ஒரு காரணத்துக்காக அக்கா மகனிடம் அண்ணன் வேண்டாம் என்றார்.

வயர்க்கட்டின் விஷயத்தில் அவர் ஏன் இத்தனை கறாராக இருந்தார் என்பது எனக்குப் புரிந்தது. 1990களின் தொடக்கத்தில் வந்த சில மெர்சிடஸ் மாடல்களில், இஞ்சின் வயர்களின் மேலுறை சீக்கிரம் மக்கக்கூடிய பொருளால் ஆனது. இஞ்சின் சூட்டில் அது விறைத்து, பொரிந்து, தொட்டால் உதிர்ந்தது. உலகம் முழுக்க அந்தக் கார்களின் சொந்தக்காரர்கள் வயர்க் கட்டையே முழுசாக மாற்ற வேண்டியிருந்தது. பெட்டி கெட்டால் பெட்டியை மாற்றலாம். வயர்க் கட்டு கெட்டால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பொய்க் குறை வரும். எங்கள் பக்கத்தில் அந்த வேலையை எலி செய்கிறது. புளி மண்டி, தக்காளி மண்டி, நெல் குடோன் பக்கத்தில் நின்ற காரா என்று கேட்டுவிட்டு, பானட்டுக்குள் டார்ச் அடித்து எலிப் புழுக்கை தேடுவது அண்ணன் வழக்கம். டேப் சுற்றிய முறுக்கு ஒன்று கண்ணில் பட்டாலும், ரிவர்ஸ் கேமராவோ, டிராக்கரோ யாரோ வெட்டி இணைத்தது என்றாலும், அதன் வேர்வரை போய்ப் பார்ப்பார்.

மூன்று மாதம் கழித்துக் கிருஷ்ணகிரியில் இன்னொரு கார் கிடைத்தது. 2004 வரை எங்கள் மாவட்டத்தில் இருந்த ஊர். டாக்டர் ஒருவருடையது. பத்து வருட பில்லும் ஒரு ஃபைலில் இருந்தது. பேட்டரி மாற்றியபோது, புதுப் பேட்டரி போட்டதைக் காரின் கம்ப்யூட்டரிலும் பதிவு செய்த பில் உட்பட. அந்தப் பதிவைச் செய்யாமல் விட்டால், இவ்வகைக் கார்களில் பல, புதுப் பேட்டரியைப் பழையது என்று நினைத்தே சார்ஜ் செய்து அதைச் சீக்கிரம் கொன்றுவிடும். அந்த ஒரு பில்லைப் பார்த்ததும் அண்ணன் உட்கார்ந்து டீ கேட்டார்.

அன்று அந்தக் காரை ஓட்டிக்கொண்டு தர்மபுரி தாண்டித் தொப்பூர்க் கணவாய்வரை போனோம். கணவாய் இறங்கி, அடிவாரத்தில் நிறுத்தி இருபது நிமிஷம் காத்திருந்தோம். ஓடும்போது காற்றில் ஆறும் இஞ்சின், நின்றதும் உள்ளுக்குள் கொதிக்கும். சூட்டில் மட்டும் சாகும் சென்சார்கள் அப்போதுதான் தெரியும். செல்ஃப் ஒரே தொடலில் எடுத்தது. ஏசி, ஹெட்லைட், வைப்பர், பின் கண்ணாடி ஹீட்டர், நாலு சீட் மோட்டார் எல்லாவற்றையும் போட்டு மேலே ஏறினோம். மகள் மடியில் மீட்டர். 14.1க்குக் கீழே இறங்கவில்லை. மாமா இருந்திருந்தால் பின் சீட்டில் உட்கார்ந்து அந்த எண்ணைத்தான் பார்த்துக்கொண்டு வந்திருப்பார்.

வாங்கிய அன்று மகள் ஒரு புது நோட்டின் முதல் பக்கத்தில் தேதி போட்டு மூன்று எண் எழுதிக் கொடுத்தாள். நின்றபோது 12.64. ஓடும்போது 14.2. தூங்கும்போது 38. பிறந்த குழந்தையின் எடையைக் குறித்துக்கொள்வதுபோல. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதன் கீழே இன்னொரு வரி சேர்கிறது.

பாலக்கோடு மண்டி வாசலில் பெரிய புளியமரம் ஒன்று நிற்கிறது. தக்காளிக் கூடையை இறக்கிவிட்டு லாரிக்காரர்களும் சுமை தூக்குகிறவர்களும் மத்தியானம் அதன் நிழலில்தான் படுத்திருப்பார்கள். டூவீலர்கள், மினி லாரிகள், தள்ளுவண்டிகள் எல்லாம் நிழலுக்குப் போட்டிபோட்டு நெருக்கி நிற்கும். இருபதடி தள்ளி, சித்திரை வெயிலில், அந்தக் கார் மட்டும் தனியாக நிற்கிறது.